நெல்லுக்கு மடை அடைத்த கதை

நெற்பயிர் காயும்போது ஒரு சத்தம் வரும். காற்றடித்தால் பழைய பேப்பரைக் கசக்குகிற மாதிரி... அது இன்னும் என் காதில் இருக்கிறது.

மயிலம் பக்கம் எங்களுக்கு ஒரே கிணறு. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மோட்டார் போட்டால் ஒரு மணி நேரம்தான், அப்புறம் சேறு. மறுபடி ஊற ஒரு நாள் ஆகும்.

ஒரு பக்கம் வீட்டுச் சாப்பாட்டுக்கு அரைக்காணி நெல். இன்னொரு பக்கம் விற்பனைக்கு ஒரு காணி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை; காய் பிடிக்க விழுது மண்ணில் இறங்குகிற நேரம். என் வீட்டுக்காரர் நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டார். ஒரு வாரம் பார்த்தேன்... இரண்டுமே வாடி நின்றன.

மண்வெட்டியோடு போய் நெல்லுக்குப் போகிற மடையை அடைத்தேன்.

"ஏமே, இன்னா பண்ணிக்கினு இருக்க? சோறு போடற பயிருமே!"

"ரெண்டுத்துக்கும் ஊத்தினா ரெண்டும் பூடும்யா. மல்லாட்டையாவது நிக்கட்டும்."

"அதுவும் வராம போச்சுன்னா? புள்ளைங்களுக்கு இன்னாத்த ஆக்குவ?"

"கேப்பை இருக்குது. களி கிண்டுறேன்."

பக்கத்து நிலத்து அக்கா சும்மா இருப்பாளா? "அஞ்சாவது படிச்ச கலெக்டரு ஆர்டர் போட்டுட்டாங்கோ!" என்று சிரித்தாள்.

நாலாம் நாள் மல்லாட்டைக்குத் தண்ணீர் குறைச்சலாக வந்தது. போய்ப் பார்த்தால், நெல் மடையில் கையளவு ஓட்டை. பக்கத்தில் இவர், திருடன் மாதிரி.

"ஒரு வாய் தண்ணிதான்மே... மனசு கேக்கல."

எனக்கு மட்டும் கேட்டதா? அந்த நாற்றை நட்டது என் கை. காலாலேயே சேற்றைத் தள்ளி ஓட்டையை மிதித்து அடைத்தேன். அப்புறம் அவர் திறக்கவில்லை.

நெல் மாட்டுக்குத் தீனியானது. மல்லாட்டை... செடியைப் பிடுங்கினால் கொத்துக் கொத்தாய்க் காய்! திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டைகளை விற்று, வந்த வண்டியிலேயே அரிசி ஏற்றிக்கொண்டு வந்தார். பக்கத்து அக்கா காதில் விழும்படி வாசலில் நின்று கத்தினார்: "கலெக்டரம்மா, அரிசி வந்துடுச்சி!"

சாகிறவரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்.

இப்போது அங்கே போர்வெல், சொட்டுநீர். மகன் விழுப்புரத்தில் இருந்தபடியே போனில் மோட்டார் போடுகிறான். போன கோடையில் போரிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. போன் பண்ணினான்.

"எம்மா, கரும்புக்கு வுடட்டா, மல்லாட்டைக்கு வுடட்டா? கலெக்டரம்மா இன்னா சொல்றீங்க?"

அந்தப் பேரைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று...

"எது இல்லன்னா தாங்குவோம்னு மொதல்ல பாருடா" என்றேன். "ஆனா நிலத்துல போய் நின்னு பாரு. காயற சத்தம் போன்ல கேக்காது."