பூஜையில் வைத்த கேபிள்

வேலை தேடிப் போன எந்த ஊரிலும் நான் சேர்ந்தாற்போல் ஒரு வருடம் தங்கியதில்லை. ஓசூரில் குடோன், திருப்பூரில் பனியன் கம்பெனி, பெல்லாரிப் பக்கம் கல் குவாரி. போன இடத்திலெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எட்டாவதோடு நின்றவன்தான் என்றாலும், திரை இருண்டு கிடந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் முதலில் கேபிளைக் கழற்றி முனைக்குள் பார்ப்பேன். இந்தப் பழக்கம் திருச்சி எடமலைப்பட்டி புதூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில், ஒரு விஜயதசமியன்று வந்தது.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் அப்பா இருந்தார். கடையை மூடிவிட்டார்கள். அவர் வயதுக்கு வேறு எங்கும் எடுக்கவில்லை. அம்மா டைப்பிங் கற்றுக்கொண்டு, வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்யத் தொடங்கினாள். கம்பெனி ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு மானிட்டரும் கொடுத்திருந்தது. இடது திரையில் பில் இருக்கும், வலது திரையில் அதைப் பதிய வேண்டும். ஒன்று போனாலும் வேலை நடக்காது. தினமும் மாலை ஆறு மணிக்கு உட்கார வேண்டும். கரண்ட் போய், காய்ச்சல் வந்து, அம்மா ஏற்கெனவே சில நாட்களை விட்டிருந்தாள். இன்னொரு நாள் விட்டால் மிஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று மேலாளர் போனில் சொல்லியிருந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேலையால்தான்.

அப்பாவுக்கு அந்த இரண்டு திரைகளைக் கண்டால் ஆகாது.

"கடையில ஒரே நேரத்துல பத்துப் பொம்பளைக்கு சேலை காட்டியிருக்கேன், ஒரு தலையை வச்சுக்கிட்டு. இவளுக்கு ரெண்டு டிவி வேணுமாம்" என்பார்.

சரஸ்வதி பூஜைக்கு மட்டும் அம்மாவுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. தொழில் செய்கிற பொருட்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்துவிட்டால், மறுநாள் பூஜை முடியும்வரை தொடக்கூடாது. அரிவாள்மனை, என் புத்தகங்கள், கம்ப்யூட்டர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் போயின. அப்பாவுக்கு அந்த வருடம் வைக்க ஒன்றுமில்லை. கேபிளுக்கெல்லாம் நான் வைக்கிறேன் என்று சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கேபிளை மடியில் போட்டுக்கொண்டு, தீக்குச்சியால் வெகுநேரம் பொட்டு வைத்தார். அவ்வளவு பக்தியாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் மதியம் அம்மா எல்லாவற்றையும் மாட்டினாள். இடது திரை வந்தது. வலது திரையில் சிக்னல் இல்லை என்று ஒரு சின்னக் கட்டம் மட்டும் மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தது. அணைத்துப் போட்டாள். ஆட்டிப் பார்த்தாள். பிறகு ஸ்ரீரங்கத்தில் செல்போன் கடையில் வேலை பார்த்த மாமாவுக்குப் போன் போட்டாள். அம்மாவின் தம்பி அவர். வந்து சேர நாலரை ஆகிவிட்டது.

"பதறாதக்கா. எது கெட்டிருக்குன்னு முதல்ல பாப்போம்."

இரண்டு கேபிள்களையும் முழுக்கக் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். இப்போது வலது வந்தது, இடது இருண்டது.

"மானிட்டர் ரெண்டும் நல்லாருக்கு. கேபிள்தான்" என்று அதைக் கழற்றி முனையைப் பார்த்தவர் சிரித்தார். "என்ன மச்சான், மொட்டை போட்டு சந்தனம் பூசிட்டீங்களா?"

"சாமிக்கு வச்சது. தொழிலைக் கும்புட்டா தப்பா?" என்றார் அப்பா, வாசற்படியில் உட்கார்ந்தபடி.

"அப்பா உள்ளயும் வச்சாங்க மாமா. தீக்குச்சியால. நான் பாத்தேன்" என்றேன் பெருமையாக.

அப்பா தெருவைப் பார்த்தார். மாமா போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, இது பொட்டு வச்சதில்ல. அடைச்சது. ஊசியெல்லாம் மடங்கிக் கெடக்கு பாரு" என்றார் மெதுவாக.

"தெரியுது. ஆறு மணிக்குள்ள ஆவுமா, ஆவாதா? அதச் சொல்லு" என்றாள் அம்மா.

புதுக் கேபிள் வாங்கலாம் என்றால் பக்கத்துக் கடைகள் பூட்டிக் கிடந்தன. அம்மா தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். காய்ந்து இறுகிய சந்தனத்தை மாமா துளித்துளியாகக் கிளறி எடுத்தார். பழைய பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தார். மடங்கிய ஊசிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அதில் ஒன்று முறிந்தால் அவ்வளவுதான் என்றார். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. மாமாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு திரையும் வந்தன. அம்மா முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்பா தானாகவே டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அம்மா திரும்பவில்லை. டீ ஏடு படிந்து கிடந்தது. மாமா அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போனார்.

அன்றிலிருந்து அம்மா தண்ணீர் பிடிக்கப் போனாலும் சரி, குளிக்கப் போனாலும் சரி, அந்தக் கேபிளைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போவாள். எதற்கு என்று கேட்டேன்.

"எலி கடிச்சிரும்" என்றாள்.

நான் எலிப்பொறி ஒன்றை வாங்கி மேசைக்கடியில் வைத்தேன். தேங்காய்ச் சில்லைச் சுட்டு அதில் மாட்டிக் கொடுத்தது அப்பாதான். எத்தனையோ நாள் வைத்தும் ஒன்றும் விழவில்லை. எங்கள் வீட்டு எலி பெரிய கெட்டிக்கார எலி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.