சித்தப்பா வாங்கிய குதிரைக்குட்டி

எங்கள் வீட்டுக்குக் குதிரைக்குட்டி வந்தது குட்டியானை வண்டியில். அந்த வேடிக்கையைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். இறங்கிய குட்டிதான் யாரையும் சிரிக்க விடவில்லை.

ஷூ கம்பெனி வேலையோடு கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டியும் விட வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. வாணியம்பாடியில் இருந்த அவருடைய தோஸ்த் குட்டியைத் தர உடனே ஒப்புக்கொண்டார். ஏன் உடனே என்பது பிறகு தெரிந்தது. பாலாற்று மணலில் தாயோடு அலைந்து வளர்ந்த குட்டி அது. அதன் உடம்பில் மனிதக் கை பட்டதே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரம் அடைத்த காலி மனையில் அதை விட்டார்கள். சித்தப்பா கயிற்றோடு உள்ளே போய், தொடையில் உதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு போனார். அன்று தகரமும் கிழிந்தது. ஆவணிக்குள் வழிக்கு வராவிட்டால் திருப்பி ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார்.

அப்போது அத்தை எங்களோடு இருந்தாள். சித்திரையில் ஒரு பையோடு வந்தவள் மாமா வீட்டுக்குத் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். அந்த அத்தைதான் ஒருநாள் வேர்க்கடலைக் கொடியை அள்ளிக்கொண்டு மனைக்குள் போய், குட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, திரும்பவுமில்லை. செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாள். தகர ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்த எனக்குச் சடை மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

தினமும் அதேதான். ஒருநாள் குட்டி கொடியை இழுத்துக்கொண்டு ஓடியது. இன்னொரு நாள் அங்கேயே நின்று தின்றது. பிறகு அத்தையின் தலைப்பூவை முகர்ந்தது. அதற்குப் போட வேண்டிய முகக்கயிற்றை அவள் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள்.

ஏன் அதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன்.

"நாம பாத்தா, இன்னா பண்ணப் போறாளோன்னு அது பயந்துக்கும். மொதல்ல அது நம்மள நல்லா பாத்துக்கட்டும்," என்றாள்.

ஆடி முடியும்போது குட்டியின் கழுத்தில் அத்தையின் புறங்கை இருந்தது. கயிற்றுக்கும் அது முகத்தைக் கொடுத்தது. சித்தப்பா தகரத்துக்கு இந்தப் பக்கமே நின்று, மூச்சுவிடாமல் பார்த்தார்.

அந்த வாரம்தான் அத்தையை அழைத்துப்போக மாமா வந்தார். குதிரையைப் பார்க்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே மனைக்குள் நுழைந்தவர், தட்டிக்கொடுக்கக் கையை உயர்த்தினார். குட்டி துள்ளி மூலைக்குப் போனது. அத்தையும் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். பிறகு, நகர்ந்த இடத்திலிருந்து மெதுவாக முன்னால் வந்து நின்றாள்.

"கைய எறக்குங்க. கை ஓங்குற ஆளுகிட்ட அது வராது."

மாமாவின் சிரிப்பு நின்றது. "சரி, கெளம்பு. பஸ்ஸுக்கு நேரமாச்சி," என்றார்.

"நான் வர்ல," என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. குட்டியிடம் பேசும் அதே குரல்.

வீட்டுக்கு வந்தவரை டீ குடிக்காமல் அனுப்பாத அப்பா, அன்று மாமாவின் செருப்பு இருந்த இடத்தைக் காட்டிவிட்டு வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

குட்டியைப் பிரிய மனமில்லாமல்தான் எங்கள் அத்தை ஊருக்குப் போகவில்லை என்று மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.