சோகத் திருமூர்த்தியின் கல்யாணப் பாட்டு

உடுமலைப்பேட்டையிலிருந்து சத்தியமங்கலம் வரைக்கும் எந்த ஊரில் எழவு விழுந்தாலும் முதல் போன் சொந்தக்காரர்களுக்கு, இரண்டாவது போன் திருமூர்த்திக்கு. ஃப்ரீசர் பெட்டிக்காரர்கூட மூன்றாவதுதான். கீபோர்டு, மைக், இரண்டு ஸ்பீக்கரோடு அவருடைய ஆம்னி வேன் வாசலில் வந்து நின்றால்தான் அது முறையான சாவு என்று சனங்கள் ஒத்துக்கொள்வார்கள். செத்தவர் பெயரையும் பேரன் பேத்திகள் பெயரையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், ஒப்பாரியில் கோத்துப் பாடுவார். பாகத் தகராறில் பத்து வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பியைக்கூடக் கட்டிப்பிடித்து அழ வைத்துவிடுவார். அழுது முடித்ததும் அவர்கள் மறுபடி பேச மாட்டார்கள், அது வேறு விஷயம்.

ஆளைப் பார்த்தால் சோகம் மருந்துக்கும் கிடையாது. குண்டு உடம்பு, எப்போதும் சிரித்த வாய். இருபத்திரண்டு வருஷமாக ஊரையெல்லாம் அழ வைத்தவர், தான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

ஆனால் ஊர் இருக்கிறதே ஊர்! சாவுக்கு வருந்தி வருந்தி அழைக்கிற அதே சனம், காலையில் அவர் எதிரே வந்தால் பைக்கைத் திருப்பிக்கொண்டு போகும். காதுகுத்து, வளைகாப்பு, புது வீட்டுப் புண்ணியார்ச்சனை எதற்கும் அவருக்குப் பத்திரிகை வராது. ஒருநாள் மளிகைக் கடையில் ஏதோ முணுமுணுத்தார். கடைக்காரர் பதறிப்போய், "அண்ணா, கடைக்குள்ள வேண்டாங்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் முணுமுணுத்தது சாமான் லிஸ்ட்.

இதற்கெல்லாம் திருமூர்த்தி சிரித்துவிட்டுப் போவார். மகள் சண்முகப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. அவருக்கு ஒரே ஆசை. மகள் கல்யாணத்தில் ஒரு பாட்டு பாட வேண்டும். யார் யாருக்கோ தொண்டை கிழியப் பாடியவன் பெற்ற பிள்ளைக்குப் பாடக் கூடாதா?

கூடாதாம். மாப்பிள்ளையின் அப்பா அர்த்தநாரி, சத்தியமங்கலத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர், மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காமல் சொன்னார்.

"ஏனுங்க சம்பந்தி, தப்பா நெனைச்சுக்காதீங்க. எங்கம்மா எழவுக்கு நீங்க பாடுனதை இன்னைக்கும் மறக்க முடியலீங்க. அதனாலதானுங்க சொல்றேன், மண்டபத்துல மைக்குப் பக்கமே போயிராதீங்க."

"சரிங்க" என்றார் திருமூர்த்தி. பெண்ணைக் கொடுக்கிறவர் வேறு என்ன சொல்வார்?

கல்யாணத்தன்று கோயமுத்தூரிலிருந்து வந்த இசைக்குழு, காதலி ஏமாற்றிவிட்டாள், இனி சாகப்போகிறேன் என்று வரிசையாகப் பாடித் தள்ளியது. கூட டிரம்ஸ் அடித்ததால் அதெல்லாம் மங்களமாகிவிட்டது. அர்த்தநாரியே விசில் அடித்தார். திருமூர்த்தி பந்திக்கு இலை எடுத்துக் கொடுத்தபடி வயிறெரியக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த அர்த்தநாரியின் அப்பா, எண்பத்தாறு வயசுப் பெரியவர், அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஏப்பா, நான் செத்தா இவனுக உன்னையத்தான கூப்புடுவானுக?"

திருமூர்த்தி சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி தரையைப் பார்த்தார். போன மாசம் பெரியவருக்கு மூச்சுத்திணறல் வந்தபோதே அதெல்லாம் பேசி வைத்தாகிவிட்டது.

"அப்ப இப்பவே பாடு. செத்தப்பறம் நான் எங்க கேக்கறது?"

அர்த்தநாரி ஓடி வந்தார். "அய்யா, நல்ல நாளும் அதுவுமா..."

"நல்ல நாள்லதான்டா கேக்கோணும். எழவன்னைக்கு எனக்கேதுடா நேரம்?"

பெரியவர் பேச்சைத் தட்ட அங்கே ஆள் இல்லை. இசைக்குழு வாயை மூடியது. திருமூர்த்தி மைக் இல்லாமல் ஆரம்பித்தார். மெட்டு எழவு வீட்டு மெட்டேதான். வார்த்தைகளும் அதேதான்: வளர்ந்த வீட்டை விட்டுப் போறியே, வாசலெல்லாம் வெறிச்சுன்னு ஆகுதே. ஆனால் செத்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் "கண்ணு, கண்ணு" என்று பாடினார்.

மேடையில் சண்முகப்பிரியா மாலையோடு எழுந்துவிட்டாள். இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது அடியில் திருமூர்த்தியின் குரல் உடைந்தது. இருபத்திரண்டு வருஷத்துக் கண்ணீரும் மொத்தமாக வந்தது. அவரால் முடிக்க முடியவில்லை. மண்டபத்தில் மூக்கைச் சிந்தாத ஆளே இல்லை.

பெரியவர் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"பாட்டென்னமோ நல்லாத்தான் இருக்குது. ஆனா எண்பத்தாறு வயசுல நான் உனக்குக் கண்ணா? என்ர பேரு எங்கப்பா?"

திருமூர்த்தி மகளின் கையை விடாமலே சொன்னார்.

"இது உங்க பாட்டு இல்லீங்கய்யா. உங்களுதை அப்பறம் பாடறேனுங்க."