சனோபர் அக்காவின் அபிப்பிராயம்

எங்கள் கூட்டுப்பண்ணையில் எல்லாரும்தான் டிவி பார்த்தார்கள். டிவியோடு சண்டை போட்டவள் சனோபர் அக்கா ஒருத்திதான்.

பகலெல்லாம் பால்பண்ணையில் மாடு கறப்பாள். சாயங்காலம் நாடகம் தொடங்கும் நேரத்துக்குத் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். அந்தத் தெருவில் இருந்த ஒரே பெரிய திரை அவள் வீட்டில்தான். அதனால் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து அடைந்திருப்போம். கதாநாயகி உருகி உருகி அழுவாள். நாங்கள் மூக்கைச் சிந்துவோம். அக்கா மட்டும் சொல்வாள், "புருஷன் செத்து மூணு நாளாச்சாம், கண்மை கலையல பாரு! இவ அழுதா நம்புறதுக்கு நான் என்ன மாடா?"

ஒருமுறை ஒரு நாடகத்தில் பெண்ணின் அம்மா, சம்பந்தம் பேச வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள். கிண்ணம் தளும்பத் தளும்ப. அக்கா துள்ளி எழுந்துவிட்டாள்.

"அடிப்பாவி! பொண்ணு கேட்டு வந்தவங்களுக்கு முழுக் கிண்ணம் ஊத்துறாளே! குடிச்சிட்டு நடையைக் கட்டுங்கறாளா? இவங்க வீட்டுல எல்லாம் விருந்தாளியே வந்ததில்லையா?"

கேட்டாள் பாருங்கள், அது நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் வேண்டியவர்களுக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம், திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும் என்பதற்காக. முழுக் கிண்ணம் ஊற்றினால் கிளம்பு என்று அர்த்தம். நகரத்தில் நாடகம் எழுதுகிற துரைகளுக்கு இது தெரியாமல் போனதா?

மறுநாள் காலையில் நான் வேலை பார்த்த தபாலாபீஸுக்கு வந்து நின்றாள். "கும்ரி, பேனாவை எடு. நான் சொல்றேன், நீ எழுது." அக்காவின் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் அவள் வாய், என் கை. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அறிவிப்பாளர் பெண் சிரித்துக்கொண்டே சொல்வாளே, "நேயர்களே, உங்கள் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுங்கள், பெயரையும் முகவரியையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்" என்று. நாங்கள் அப்படியே செய்தோம். பதிலும் வந்தது. 'தங்கள் கருத்துக்கு நன்றி, தோழர்.' முத்திரை போட்ட அந்தத் தாளை அவள் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்தாள். இரண்டு வருஷத்தில் அப்படி ஏழு தாள் சேர்ந்துவிட்டது. ஏழும் என் கையெழுத்துக்கு வந்த பதில் என்பதில் எனக்கும் கொஞ்சம் கர்வம் இருந்தது. இப்போது ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு அந்தப் படம் வந்தது.

அக்காவின் புருஷன் எர்காஷ் பருத்தி பறிக்கும் எந்திரம் ஓட்டுபவர். அந்த வருஷம் மாவட்டத்திலேயே முதல் ஆள், மார்பில் பதக்கம். இலையுதிர் காலத்தில் டிவிக்காரர்கள் வந்து இரண்டு நாள் அவரைப் படம் எடுத்துப் போனார்கள். தை மாதக் குளிரில் அது ஒளிபரப்பானது. எர்காஷ் அண்ணா எந்திரத்தின் மேல் உட்கார்ந்து சிரித்தார். பின்னால் இருந்த கூண்டு சாய்ந்து பருத்தி மலை மாதிரி கொட்டியது. கைதட்டினோம். அக்கா தட்டவில்லை.

"என்னங்க, இது எந்திரப் பருத்தியா? எந்திரத்துல பறிச்சா இலையும் சருகும் ஒட்டிக்கிட்டுக் கருப்பாத்தானே வரும்? இது மணப்பொண்ணு மெத்தைக்கு அடைக்கிற மாதிரில்ல வெள்ளை வெளேர்னு இருக்கு! அழகுக்காகப் படக்காரங்க கைப்பருத்தியை மாத்திக் கொட்டியிருக்கானுங்க. நம்மளைக் குருடின்னு நினைச்சானுங்களா?"

எர்காஷ் அண்ணா எழுந்து அடுப்பைக் கிளறப் போய்விட்டார். வெட்கப்படுகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

மறுநாள் அவள் சொன்னாள், நான் எழுதினேன். 'என் வீட்டுக்காரரை நன்றாகக் காட்டினீர்கள், நன்றி. ஆனால் அந்தக் கூண்டிலிருந்து கொட்டியது கையால் பறித்த பருத்தி. பன்னிரண்டு வயதிலிருந்து பருத்தி பறித்தவள் சொல்கிறேன். எந்திரத்தைக் காட்டினால் எந்திரப் பருத்தியையே காட்டுங்கள்.' பெயர், ஊர், தெரு, எல்லாம் தெளிவாக. நானே தபால்தலை ஒட்டி நானே முத்திரை குத்தினேன்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. வழக்கமான நன்றித் தாள் இல்லை, சின்னச் சீட்டு. 'தங்கள் கடிதம், நேரில் விசாரித்து நடவடிக்கை எடுக்கும்பொருட்டு, தங்கள் கூட்டுப்பண்ணைத் தலைவருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் அனுப்பப்பட்டுள்ளது.' அந்தக் காலத்தில் புகார்க் கடிதம் எல்லாம் அப்படித்தான் சுற்றும். யாரைப் பற்றி எழுதினோமோ அவர் மேசைக்கே வந்து சேரும். அந்த மாதிரிச் சீட்டுகளை என் பையில் எத்தனை முறை சுமந்திருப்பேன்! நாங்கள் எழுதியது படத்தைப் பற்றித்தானே என்று அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அக்காவுக்கும் சந்தோஷம்தான். "பாத்தியா கும்ரி, நடவடிக்கை எடுக்கறாங்களாம்!" என்று சீட்டைப் புருஷனிடம் நீட்டினாள். எர்காஷ் அண்ணா படித்தார். முற்றத்துப் பனியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"படக்காரன் மாத்தலடி," என்றார். "நாங்கதான் கொட்டினோம். பொம்பளைங்க கையால பறிச்சதை அள்ளி எந்திரத்துல போட்டு, எந்திரம் பறிச்சதுன்னு எழுதினோம். தலைவர் சொன்னாரு, செஞ்சோம். சீசன் முழுக்க அப்படித்தான். இந்தப் பதக்கமே அதுக்குத்தான். என்னை உள்ள தள்ளிடுவாங்க சனோபர்."

படக்காரர்களைக் குறை சொன்னதாக நினைத்துக்கொண்டு, கட்டிய புருஷனையே அவள் காட்டிக்கொடுத்திருக்கிறாள். என் முத்து முத்தான எழுத்தில்!

அதற்குப் பிறகு ஒன்பது நாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அக்கா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள். என் எழுத்து பிடிபடக் கூடாதே என்று நான் தபாலாபீஸில் உட்கார்ந்து இடது கையால் எழுதிப் பழகினேன். சிரிக்காதீர்கள். பயந்தவளுக்கு எந்தப் புத்தி வரும் என்று யாருக்குத் தெரியும்? அந்த ஏழு தாளையும் அக்கா கண்ணாடியிலிருந்து உருவி அடுப்பில் போட்டாள். ரொட்டி சுட்டாள், அதை அந்த வீட்டில் யாரும் தின்னவில்லை.

ஐந்தாம் நாள் தலைவர் கோசிம் வந்தார். சத்தமே போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"மாவட்டத்துலேருந்து ஆளு வருவான். உனக்குக் கண்ணு மங்கல், தெரியாம எழுதிட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான். வேற மாதிரி பேசணும்னு தோணிச்சுன்னா ஒண்ணை மட்டும் யோசி, தங்கச்சி. படத்துல எந்திரத்து மேல உக்காந்திருக்கிறது உன் புருஷன். நான் அதுல எங்கேயுமே இல்ல."

பத்தாம் நாள் ஜீப் வந்தது. வந்தவர் ஐம்பது வயது இருப்பார், கறுப்புத் தோல்பை, களைத்த முகம். தலைவரும் கூடவே வந்து புலாவுத் தட்டுக்கு எதிரே சம்மணம் போட்டார். எர்காஷ் அண்ணா கதவோரம். தட்டு எடுத்துக் கொடுக்க என்னை வரச் சொல்லியிருந்தாள் அக்கா.

"கடிதம் நீங்க எழுதினதா?" என்றார் வந்தவர்.

"ஆமாங்கய்யா."

"கையெழுத்தும் உங்களோடதா?"

நான் தட்டை இறுக்கிப் பிடித்தேன். அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "என்னோடதுதாங்கய்யா."

அவர் பையைத் திறந்து இரண்டு காகிதப் பொட்டலங்களை எடுத்து விரிப்பின் மேல் பிரித்து வைத்தார். ஒன்றில் வெள்ளைப் பருத்தி. ஒன்றில் சருகும் தூசும் ஒட்டிய பருத்தி. "இதுல எது கையால பறிச்சது, எது எந்திரம் பறிச்சது? நீங்கதான் நல்லாக் கண்டுபிடிப்பீங்களாமே."

சின்னக் குழந்தை சொல்லிவிடும். அக்கா இரண்டையும் விரலால் தொட்டாள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் அந்த விரல் போய்ப் போய் வந்தது. எர்காஷ் அண்ணா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கோசிம் எலும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டார்.

"எனக்கு... எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்கய்யா தெரியுது," என்றாள். "கண்ணு மங்கல். டிவி வேற பழசு. வாய்க்கொழுப்புல எழுதிட்டேன்."

"அதையே எழுதிக் கொடுங்க."

செத்தோம் என்று நினைத்தேன். அக்கா எழுதினாள். கோழி கிளறிய எழுத்து, வரி மேலும் கீழும் ஓடியது. வந்தவர் அதையும் பழைய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு இரண்டு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்தார். "கண் டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டுங்க," என்றார். அவ்வளவுதான். கோசிம் பல் தெரியச் சிரித்துவிட்டு மறுபடி புலாவில் கையை விட்டார்.

அப்போது அக்கா தேநீர்க் கெண்டியை எடுத்தாள். அதுவரை மரியாதையாக அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாக ஊற்றிக்கொண்டிருந்தவள், இந்த முறை நிறுத்தவில்லை. மெதுவாக, கை நடுங்காமல், விளிம்பு வரை, அதற்கு மேல் ஒரு சொட்டு தாங்காது என்கிற வரை ஊற்றி, இரண்டு கையாலும் எடுத்து மாவட்டத்திலிருந்து வந்தவர் முன்னால் வைத்தாள்.

ஐயோ, இவளுக்குப் பைத்தியமா! தப்பித்தோம் என்று இருக்கும்போது இப்படியா?

வந்தவர் கிண்ணத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "எங்கம்மாவும் இந்தப் பக்கந்தான்," என்றார் மெல்ல. ஒரு சொட்டும் சிந்தாமல் அதைத் தூக்கிக் குடித்து முடித்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "போலாம் வாங்க தலைவரே," என்று வெளியே நடந்தார். கோசிம் எச்சில் கையோடு பின்னால் ஓடினார்.

எர்காஷ் அண்ணாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் அவருக்கு இன்னொரு பதக்கம்கூட வந்தது.

நாங்கள் மறுபடியும் அக்கா வீட்டில் கூடினோம். கதாநாயகி மை கலையாமல் அழுதாள். மணப்பெண் மாவு பிசைந்தாள், கையில் மாவே ஒட்டவில்லை. எல்லாரும் அக்கா முகத்தையே பார்த்தோம். எதையாவது சொல்லமாட்டாளா என்று இருந்தது. "எப்படிக்கா இருக்கு?" என்று நானே கேட்டேன். "நல்லாருக்கு," என்றாள்.

வசந்தத்தில் நகரத்திலிருந்து இன்னொரு தாள் வந்தது, முத்திரையோடு. நான்தான் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். 'எங்கள் ஆவணப்படத்துக்குப் பரிசு கிடைத்துள்ளது. தங்களைப் போன்ற நேயர்களின் ஒளிவுமறைவற்ற அபிப்பிராயத்தை இனியும் எதிர்பார்க்கிறோம்.'

அக்கா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

"என்னக்கா எழுத?" என்றேன்.

"எல்லாம் நல்லாருந்துச்சுன்னு எழுது கும்ரி," என்றாள். "உன் கையெழுத்துல வேண்டாம். கொண்டா, நானே எழுதறேன்."