இன்று மலை தெரிகிறதா?

1. பழைய போர்டு

நான் விற்ற முதல் வெப்சைட்டைச் செய்யச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே உள்ள ஒரு வர்க்கி பேக்கரிக்காக நானாகவே செய்தேன்.

நான் வெப் டிசைன் பாடம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டர் அந்த வருடம்தான் மூடப்பட்டது. என்னிடம் மிச்சம் இருந்தவை ஒரு லேப்டாப்பும், ஊரில் எங்கே போனாலும் 'டீச்சர்' என்று கூப்பிடும் பழைய மாணவர்களும்தான். கோயம்புத்தூருக்கு இறங்கி வேலை தேடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். ஸ்வெட்டர் போடாமல் எனக்குத் தூக்கம் வராது என்று சொல்லி மறுத்துவிட்டேன். சொன்ன பிறகு ஏதாவது சம்பாதித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

டூரிஸ்ட் கூட்டம் குறையும் மதிய நேரமாகப் பார்த்துப் பேக்கரிக்குப் போனேன். முதலாளி சுப்பிரமணி கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"ஏனுங்க டீச்சர், பிரெட்டா, வர்க்கியா?"

"ரெண்டும் வேண்டாங்க. உங்க கடையை இந்த போன்ல கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். முகம் கடுகடுத்தது. "யாருங்க இதைப் பண்ணச் சொன்னது? நான் கேட்டனா?"

"கேக்கலைங்க. புடிக்கலைன்னா இப்பவே அழிச்சிடறேன்."

"அழிக்கறது இருக்கட்டும். இது பழைய போர்டுங்க. புது போர்டு மாட்டி ரெண்டு மாசமாச்சு. அப்புறம் தேங்கா பன்னைக் காணோம். தேங்கா பன் இல்லாம இது யாரு கடைங்க?"

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் தானே வாங்கி மேலும் கீழும் தள்ளினார். மூடும் நேரம் தப்பு என்றார். மேப்பில் வழி எதிர்ச் சந்து வழியாகப் போகிறது என்றார். தன் போட்டோவையும் போடச் சொன்னார், சலூனுக்குப் போய் வந்த பிறகு. நான் விலையைச் சொன்னபோது அவர் கவனம் தேங்காய் பன்னிலேயே இருந்தது.

அன்று தெரிந்துகொண்டதை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன். 'நல்லாருக்குங்க' என்று போனைத் திருப்பிக் கொடுப்பவர் வாங்கமாட்டார். தப்புக் கண்டுபிடிக்கிறவர் வாங்குவார். திருத்தத் தொடங்கிய நிமிடமே அது அவருடைய வெப்சைட் ஆகிவிடுகிறது. ஆகவே காட்டுவதற்கு மூன்று பக்கங்களுக்கு மேல் செய்யாதீர்கள், திருத்துவதற்கு அவருக்கும் ஏதாவது இருக்கட்டும். டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, கடைக்காரர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். நம் வருமானம் ஒருமுறை செய்து கொடுப்பதில் இல்லை. வருடா வருடம் ரினிவல் செய்து, படம் மாற்றி, விலை மாற்றிக் கொடுப்பதில் இருக்கிறது. அதற்கு அவர் நம்மை நம்ப வேண்டும்.

2. பிப்ரவரி மாதத்துப் படம்

பேக்கரியில் வர்க்கி வாங்க வந்த இருதயராஜ் சார் அந்த வெப்சைட்டைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். பக்கத்திலுள்ள வெலிங்டன் ராணுவ முகாமில் சிவிலியன் ஸ்டோர்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். கோத்தகிரி ரோட்டில் சொந்த வீடு. மாடியில் இருந்த இரண்டு அறைகளை ஹோம்ஸ்டே ஆக்கியிருந்தார். வருகிறவர்தான் இல்லை.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா டீ வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எம் பையன் கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் குடுத்திருக்கான் டீச்சர். அதுக்குள்ள ரூமு நிறையலைன்னா ஊட்டைப் பூட்டிட்டுக் கோயம்புத்தூர் வந்திடணுமாம். அங்க பிளாட்டுல நாலாவது மாடி. நான் என்ன பண்ணுவேன், பால்கனியில நின்னு அடுத்த ஊட்டு ஏசி பொட்டியைப் பாத்துட்டு இருப்பனா?"

"அவனுக்கு நம்ம மேல அக்கறை," என்றார் இருதயராஜ் சார்.

"அக்கறை இருந்தா லீவுக்கு வரட்டும். நான் இங்கயேதான் இருப்பேன்."

அப்போது செப்டம்பர். இருதயராஜ் சார் தன் போட்டோக்களை மாதவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். அதில் பிப்ரவரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாடி ஜன்னலிலிருந்து எடுத்த படம். நீல வானம், எதிர் மலை, அதன் சரிவில் வரி வரியாகத் தேயிலை. யாரையும் பெட்டி கட்ட வைக்கும் படம்.

"மழை மாசம் வருதுங்க சார். மிஸ்ட் இருக்கற படமும் ஒண்ணு குடுங்க," என்றேன். மூடுபனியை இங்கே எல்லோரும் மிஸ்ட் என்றுதான் சொல்வோம்.

"ஏனுங்க டீச்சர், கல்யாணத்துக்குப் பொண்ணு போட்டோ கேட்டா காய்ச்சல்ல படுத்திருந்த போட்டோவையா குடுப்பாங்க?"

 படம் ஹோம் பேஜில் ஏறியது. 'ஜன்னலைத் திறந்தால் மலை' என்ற வரியையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

3. கரூர்க்காரர்

வெப்சைட் நன்றாகவே வேலை செய்தது. பூஜை லீவுக்கு ஒரு புக்கிங், தீபாவளிக்கு இரண்டு. முதலில் வந்தவர் கரூரில் பெட்ஷீட் வியாபாரம் செய்யும் செந்தில்நாதன், மனைவியோடு. அவர்கள் கார் மலை ரோட்டில் காட்டேரி பார்க்கைத் தாண்டியபோதே மிஸ்ட் இறங்கிவிட்டது. மறுநாளும் விலகவில்லை.

புக்கிங் வந்தால் எப்படி உறுதி செய்வது என்று காட்டுவதற்காக அன்று நான் அங்கே போயிருந்தேன். செந்தில்நாதன் மாடி ஜன்னலுக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். போனில் நீல வானம். ஜன்னலில் வெள்ளை.

"சார், இதுல மலை இருக்குது. இங்க இல்லையே?"

"இருக்குதுங்க," என்றார் இருதயராஜ் சார்.

"எங்கீங்க?"

இருதயராஜ் சார் வெள்ளைக்குள் விரலை நீட்டினார். "அங்க. கொஞ்சம் லெப்ட்ல."

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்களே."

"எனக்கும்தாங்க தெரியலை. ஆனா நான் வந்த நாளா அங்கதான் இருக்குது."

செந்தில்நாதனின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செந்தில்நாதன் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலையில், ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டார்கள். சாயங்காலம் ரிவ்யூ வந்தது. இரண்டு நட்சத்திரம். 'படத்தில் மலை. நேரில் பால் சட்டி. சாப்பாடு நன்று.'

அதைப் படித்துவிட்டுத் தீபாவளிக்காரர்கள் இருவரும் கேன்சல் செய்தார்கள். விஷயம் கோயம்புத்தூருக்கும் போய்ச் சேர்ந்தது. "வண்டி எடுத்துட்டு வரட்டுமாம்மா?" என்று மகன் ஆல்பர்ட் கேட்டதும் ஸ்டெல்லா அக்கா போனை வைத்துவிட்டார்.

4. கேட்டுக்கு முன்னால் இரண்டு பாதம்

"அந்த ரிவ்யூவை அழிச்சுடுங்க டீச்சர்," என்றார் இருதயராஜ் சார்.

"நம்மால அழிக்க முடியாதுங்க."

"அப்ப நம்ம சொந்தக்காரங்களை விட்டு அஞ்சு ஸ்டார் போடச் சொல்றேன். சர்ச்சுல சொன்னாலே நூறு பேரு போடுவாங்க."

"சர்ச்சுல போய் பொய் சொல்லச் சொல்லுவீங்களாக்கும்?" என்று சமையலறையிலிருந்து ஸ்டெல்லா அக்கா குரல் வந்தது. அதற்குள் அவர் போன் அடித்தது. திருப்பூரிலிருந்து தங்கை.

"ஆமாடி, மிஸ்ட்டுதான். கேட்டே தெரியலை... நாளைக்கா? நாளைக்குக் காலைல பாத்துட்டுச் சொல்றேன், அப்புறம் கிளம்பு."

கீழே சமவெளியிலிருந்து நமக்கு வரும் எந்தப் போனும் இப்படித்தான் தொடங்கும். சௌக்கியமா என்பதற்கு முன்னால் 'மிஸ்ட் இருக்கா?' என்பார்கள். நாமும் ஜன்னலை எட்டிப் பார்த்துப் பதில் சொல்வோம். மலையில் வீடுள்ள எல்லோரும் சம்பளம் இல்லாமல் பார்க்கிற வேலை இது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் அந்த ஒரே கேள்விக்கு நான் செய்த வெப்சைட்டில் பதில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிப்ரவரிப் படத்தை 'பிப்ரவரியில் எடுத்தது' என்று குறிப்பிட்டுக் கீழே இறக்கினேன். மேலே 'இன்று மலை தெரிகிறதா?' என்று ஒரு பகுதி வைத்தேன். தினமும் காலையில் ஒரே இடத்தில் நின்று எடுத்த ஒரு படம், தேதி, அதன் கீழ் ஒரே ஒரு வரி. ஸ்டெல்லா அக்கா தன் போனிலிருந்தே ஏற்றிக்கொள்ளும்படி செய்து கொடுத்தேன்.

"வெறும் வெள்ளையைப் போட்டா எவன் வருவான்?" என்று இருதயராஜ் சார் ஆட்சேபித்தார்.

"கரூர்க்காரரு அந்த வெள்ளையைப் பாத்துட்டு வந்திருந்தா திட்டிட்டுப் போயிருப்பாரா?"

 சார் ஸ்டோர்கீப்பர் அல்லவா. மறுநாள் நான் போனபோது கேட்டுக்கு முன்னால் முற்றத்துத் தரையில் வெள்ளை பெயின்டில் இரண்டு பாதம் வரைந்திருந்தார். "தினம் ஒரே எடத்துல நிக்கணுமில்ல? இல்லைன்னா கணக்கு எப்படித் தேறும்?"

படத்தின் கீழே ஸ்டெல்லா அக்கா எழுதிய வரிகளில் நான் கைவைக்கவில்லை. 'இன்று மலை இல்லை. பஜ்ஜி உண்டு.' 'இன்று பாதி மலை. மீதி பதினோரு மணிக்கு மேல்.' 'இன்று கேட் தெரியவில்லை. நாய் குரைப்பதால் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம்.'

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சென்னையிலிருந்து ஒரு போன். பேசி முடித்த இருதயராஜ் சார் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அவங்க மிஸ்ட்டுக்குத்தான் வராங்களாம். இன்னும் ரெண்டு நாள் நிக்குமான்னு கேக்கறாங்க. என்னங்க சொல்றது?"

"ஜன்னலைப் பாத்துச் சொல்லுங்க சார்."

நவம்பர் முழுவதும் சனி, ஞாயிறு அறைகள் காலியாக இல்லை. வெள்ளையைப் பார்க்கவென்றே சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தார்கள். இதைக் கேள்விப்பட்டு மற்ற இடங்களிலிருந்தும் என்னைத் தேடி வந்தார்கள். அவலாஞ்சி ரோட்டில் ஒரு காட்டேஜ், ஒரு எஸ்டேட் பங்களா, பெர்ன்ஹில்லில் ஒரு ரெஸ்டாரன்ட். 'மிஸ்ட் பேஜ்' என்று பெயர் வைத்து வருடச் சந்தாவில் விற்றேன். புது வெப்சைட்டுகளைவிட இதில்தான் என் வருமானம் நிலைத்தது. ஒருவரை மட்டும் திருப்பி அனுப்பினேன். "போன வாரப் படத்தையே இன்னிக்குத் தேதி போட்டு ஏத்தலாமில்லீங்க? எவனுக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டவர் அவர்.

இருதயராஜ் சாரின் வெப்சைட்டுக்குத் தினமும் தவறாமல் வந்த வாடிக்கையாளர் ஒருவரும் இருந்தார். வெப்சைட்டின் விசாரணைப் பகுதியில் கரூர் செந்தில்நாதன் ஒரு காலையில் எழுதினார்: 'இன்னிக்கும் பாலா?' ஸ்டெல்லா அக்கா பதில் போட்டார்: 'பால்தானுங்க. நாளைக்குப் பாக்கலாம்.' அதன் பிறகு இது தினசரி நடந்தது.

5. கரூர் கவனத்திற்கு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், ஒரு காலையில் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. படத்தில் மலை முழுசாக நின்றது. கீழே ஸ்டெல்லா அக்காவின் வரி: 'இன்று முழு மலை. கரூர் கவனத்திற்கு.'

பத்து நிமிடத்தில் கரூரிலிருந்து பதில். 'கிளம்பிட்டோம். ரூம் வைங்க.'

கிறிஸ்துமஸ் கேக் வாங்கிப் போக ஸ்டெல்லா அக்கா வரச் சொல்லியிருந்ததால் அன்று நானும் அங்கே இருந்தேன். ஆல்பர்ட் முதல் நாளே வந்திருந்தார். காரின் பின்சீட்டில் காலி அட்டைப்பெட்டிகள் தெரிந்தன.

"அம்மா, கிறிஸ்துமஸ் வந்துடுச்சு," என்றார் ஆல்பர்ட்.

"வந்துச்சு. ரூமும் நிறைஞ்சிருச்சே."

"இந்த ரெண்டு மாசம் நிறைஞ்சுது. உங்க ரெண்டு பேருக்கும் வயசாகுதில்ல?"

"சரிடா. நான் வந்துடறேன். நாளைக்குக் காலைல போட்டோ யாரு எடுக்கறது?"

 ஆல்பர்ட் கேக்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்க ஆபீஸ்ல காலைல லிஃப்ட்டுலயே கேக்கறாங்க டீச்சர், 'இன்னிக்கு உங்கம்மா என்ன எழுதியிருக்காங்க'ன்னு. நான் இவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டா என்னை லிஃப்ட்டுல ஏத்தமாட்டாங்க."

"அப்ப அந்தப் பொட்டி எல்லாம்?" என்று இருதயராஜ் சார் கேட்டார்.

"கேக்கு வெச்சுக் குடுங்கப்பா. ஆபீஸ்ல எல்லாருக்கும் வேணும்."

ஸ்டெல்லா அக்கா உள்ளே போய், இன்னும் இரண்டு கேக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அட்டைப்பெட்டிகள் அதற்குத்தான் பயன்பட்டன.

மதியத்துக்கு மேல் கீழேயிருந்து மிஸ்ட் ஏறத் தொடங்கியது. முதலில் தேயிலை போயிற்று, பிறகு மலை, பிறகு ரோடு. இருதயராஜ் சார் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். "வந்து இறங்கி என்ன சொல்லப் போறாரோ!" வெள்ளைக்குள் எங்கிருந்தோ ஹாரன் கேட்டது.

செந்தில்நாதன் இறங்கினார். சுற்றிலும் பார்த்தார். இருதயராஜ் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரைக் கையமர்த்திவிட்டு, செந்தில்நாதன் நேராகப் போய்த் தரையில் இருந்த வெள்ளைப் பாதங்களின் மேல் நின்றார். மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஒன்றுமே தெரியாத வெள்ளைக்குள் விரலை நீட்டினார்.

"அங்க. கொஞ்சம் லெப்ட்ல."

இந்தத் தடவை அவரே முதலில் சிரித்தார்.

வெப்சைட் செய்து விற்கப் போகும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரு கடைக்கு வெப்சைட் செய்வதற்கு முன் அந்தக் கடையின் போனுக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்காருங்கள். கூப்பிடுகிறவர்கள் முதலில் எதைக் கேட்கிறார்களோ, அதற்கு உண்மையான பதிலை ஹோம் பேஜின் உச்சியில் வையுங்கள். அழகான படங்கள் அதற்குக் கீழே இருக்கட்டும்.

செந்தில்நாதன் ஊருக்குப் போனதும் பழைய ரிவ்யூவைத் திருத்தினார். இப்போது அதில் ஐந்து நட்சத்திரம் இருக்கிறது. 'மலை இருக்கிறது. நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. மறுபடி போவோம்.'