செராமிக்கா, கார்பனா: யார் உட்கார்ந்து பார்ப்பது?

இன்று சென்னீர்குப்பத்தில் ஒரு வில்லாவில் வேலை. வீட்டுக்குள்ளேயே இன்ஃப்ராரெட் சானா, அதாவது உட்கார்ந்து வியர்ப்பதற்கு ஒரு மரப்பெட்டி. நான் எலக்ட்ரீஷியன்.

செராமிக் ஹீட்டரா, கார்பன் பேனலா என்று வீட்டுக்காரருக்கு ஒரு வாரமாகக் குழப்பம். செராமிக் ஒரே இடத்தில் சுள்ளென்று சுடும், கார்பன் சூட்டைப் பரவலாகத் தரும் என்று சொல்லிவிட்டேன். நம்பவில்லை. சோதித்துப் பார்க்க முதலில் செராமிக்கை மாட்டச் சொன்னார்.

சூடேறியதும் சமையல் வேலை செய்யும் அக்காவைக் கூப்பிட்டார்.

"செல்வி, உள்ள போய் இருபது நிமிஷம் உக்காரு. எப்படி இருக்குன்னு சொல்லு."

காலையில்தான் அந்த அக்கா என் கண்ணெதிரே பிரஷர் மாத்திரை போட்டார். "வேணாங்க்கா" என்றேன்.

"அடுப்பாண்டயே நிக்கிற ஒடம்பு தம்பி, ஒண்ணியும் ஆவாது" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினார்.

நான் சுவிட்சை அணைத்தேன்.

"அவங்களுக்கு பிரஷர் கீது சார். மயங்கி விழுந்தா யாரு பொறுப்பு? ஹீட்டரு உங்க ஒடம்புக்குத்தானே, நீங்க உக்காருங்க."

"நீ உன் வேலைய மட்டும் பாருப்பா."

"அதத்தான் சார் பாக்குறேன். நீங்க உள்ள போனாத்தான் கரண்ட்டு."

முறைத்தார். போனார். ஏழாவது நிமிடம் முதுகைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

"கார்பனே போட்டுடு."

அக்கா என் காதருகே வந்து, "இன்னா தம்பி, அதுக்குள்ளயா வெந்துட்டாரு?" என்றார்.

எந்த ஹீட்டர் என்று கமென்டில் கேளுங்கள், சொல்கிறேன். உட்கார்ந்து பார்க்க வேலை செய்யும் அக்காவை அனுப்புகிறவர்கள் வேறு எலக்ட்ரீஷியனைத் தேடிக்கொள்ளுங்கள்.