ரத்தமில்லாத பிள்ளை

அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும்போது எனக்கு ஏழு வயது. முதலில் இருமல் வந்தது, பிறகு காய்ச்சல். அப்புறம் மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவில் குழி விழுந்தது. திண்டிவனத்தில் பார்த்த மருத்துவர் நிமோனியா என்று சொல்லி விழுப்புரத்துக்கு அனுப்பினார். போகிற போக்கில், பிள்ளைக்கு ரத்தமும் குறைவு என்றார்.

நிமோனியாவுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ரத்தக் குறைவுக்குச் சொல்லலாம்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தாள். உண்மையாகவே பாடுபட்டாள். கறிக்கடையில் சொல்லிவைத்து, ரத்தம் ஊறும் என்று ஆட்டின் மண்ணீரலை, சுவரொட்டியை, வாங்கி, தெரிந்தவர் வீட்டில் வதக்கி எடுத்துவந்து ஊட்டினாள். பார்க்க வந்தவர்களுக்கு என் கீழிமையை இழுத்து, வெளுத்திருந்த உட்புறத்தைக் காட்டினாள்.

"மூட்டை மூட்டையா மல்லாட்டைய வித்துக்கினு, பெத்த புள்ளைக்கு ஒரு கை குடுக்க மனசு வரல பாரு."

அம்மா பக்கத்தில்தான் நின்றிருப்பாள்.

வேலையை ஒருநாள் நிறுத்திவைத்து வந்த அப்பாவும் அந்த இமையைப் பார்த்தார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனபோது, வீட்டில் உனக்கு என்ன சாப்பிடக் கொடுக்கிறார்கள் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். திரும்பி வந்த அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. அன்று அவள் சாப்பிடவில்லை.

காய்ச்சல் இறங்கிய பிறகு, வார்டு மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு எங்களை அறைக்குக் கூப்பிட்டார். நடுத்தர வயதுப் பெண்மணி. அவர் வாய் திறப்பதற்குள், எனக்குக் கொடுத்ததையெல்லாம் அம்மா கேப்பைக் கூழிலிருந்து வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள். மருத்துவர் கையமர்த்தினார். உடம்பில் இரும்புச்சத்து இருக்கிறது, ரத்தத்துக்குத்தான் போய்ச் சேரவில்லை என்றார்.

"கிருமி வளர இரும்பு வேணும்மா. அதுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு உடம்பே அத மண்ணீரல்லயும் கல்லீரல்லயும் பூட்டி வெச்சிக்குது. சிவப்பணுவும் சீக்கிரமா செத்துப்போகுது, புதுசு உண்டாக இரும்பு கெடைக்கறதில்ல. நெஞ்சு நல்லாச்சுன்னா ரத்தம் தானா ஏறும். உங்க சாப்பாட்டுல குறையில்ல."

அம்மா எழுந்து கதவுப் பக்கம் பார்த்தாள்.

"இதயே இன்னொரு தபா சொல்றீங்களா டாக்டரம்மா? வெளிய இவ அத்த நிக்கிறாங்க, கூட்டிக்கினு வர்றேன்."

அத்தை வந்தாள். மருத்துவர் அலுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, முதல் தடவை கேட்பவளைப்போலக் கேட்டாள். அப்படியானால் சுவரொட்டி வேண்டாமா என்று மட்டும் அத்தை கேட்டாள். சாப்பிடட்டும், கெடுதல் இல்லை என்றார் மருத்துவர். அதற்குப் பிறகு என் இமையை யாரும் இழுக்கவில்லை.

நெஞ்சு தெளிந்து ஊருக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் அம்மா என் பக்கம் குனிந்தாள்.

"டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்குதா? அப்பா வந்ததும் நீயே சொல்லு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு முறை கேட்டும் அம்மாவுக்குப் பிடிபடவில்லை என்று நினைத்தேன். சாயங்காலம் அப்பா வந்து கால் கழுவி உட்கார்ந்ததும் கிருமி, இரும்பு, பூட்டு எல்லாவற்றையும் ஒப்பித்து, சாப்பாட்டில் குறையில்லை என்று முடித்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன். அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

இப்போதும் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவளுக்காக இன்னொரு முறை, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.